ஒரு வேலைக்கு எத்தனை கிளாக்? டீபக்கரின் சைக்கிள் கவுண்டரைக் கொண்டு நேரம் அளப்பது எப்படி

பாலக்கோட்டுப் பக்கம் எங்கள் சித்தப்பாவுக்கு ஒரு போர்வெல் இருக்கிறது. தோட்டத்துத் தக்காளி முழுக்க அதை நம்பித்தான். தண்ணீர் கீழே போன பிறகும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தால் காயில் கருகிவிடும். அப்புறம் மோட்டாரை மேலே தூக்கி, காயில் கட்டி, மறுபடி இறக்குவதற்குள் செடி வாடிவிடும். அதற்காக ஒரு சின்ன போர்டு செய்து மோட்டார் கொட்டாயில் மாட்டினேன். மோட்டார் இழுக்கும் ஆம்பியரை அது பார்த்துக்கொண்டே இருக்கும். ஆம்பியர் குறைந்தால் தண்ணீர் இல்லை என்று எடுத்துக்கொண்டு ஸ்டார்ட்டரை விழவைக்கும்.

இரண்டு நாள் நன்றாக ஓடியது. மூன்றாம் நாள், போரில் தண்ணீர் இருக்கும்போதே மோட்டார் நின்றது. சித்தப்பா என்னைத் திட்டவில்லை, "என்னப்பா, பாரு" என்றார். அது திட்டியதைவிட அதிகமாக உறைத்தது.

போர்டில் ஓடும் புரோகிராம் தன் வேலைக்கு எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று மாட்டுவதற்கு முன்பே நான் அளந்திருந்தேன் என்பதுதான் இதில் முக்கியமான விஷயம். அளந்த எண்ணும் சரியான எண்தான். எந்த நேரத்தில் அளந்தேன் என்பதுதான் தப்பு. பர்கூரிலும் செட்டிக்கரையிலும் இன்ஜினியரிங் படிக்கும் பிள்ளைகள் சிலர் இதே வேலையில் இறங்கியிருக்கிறார்கள். அவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளை வைத்தே இதை எழுதுகிறேன்.

எந்தச் சிப்பில் இந்தக் கவுண்டர் இருக்கிறது

ஏஆர்எம் கார்ட்டெக்ஸ்-எம்3, எம்4, எம்7 வகைச் சிப்புகளில் டீபக் வேலைக்கென்று, அதாவது ஓடும் புரோகிராமை நிறுத்தி உள்ளே பார்த்துத் தப்பைத் தேடும் வேலைக்கென்று, டி.டபிள்யூ.டி. என்றொரு பகுதி உண்டு. அந்த வேலைக்கு லேப்டாப்பில் ஓடும் மென்பொருள்தான் டீபக்கர். அதற்குள் 32 பிட் அகலத்தில் சைக்கிள் கவுண்டர் ஒன்று இருக்கும். பிராசசரின் கிளாக் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் அது ஒன்று கூடும், அவ்வளவுதான். அப்படி ஒரு துடிப்புதான் ஒரு சைக்கிள். அது எண்ணுவதால் உங்கள் புரோகிராமுக்கு ஒரு துளி வேகமும் குறையாது.

எம்0, எம்0+ வகைகளில் இந்தக் கவுண்டர் கிடையாது. ராஸ்பெரி பை பிகோவின் முதல் பதிப்பில் இருக்கும் ஆர்பி2040 அந்த வகைதான். அதில் சிஸ்டிக் டைமரை வைத்து ஒப்பேற்றலாம். ஆனால் அது 24 பிட், கீழ்நோக்கி எண்ணும். அர்டுயினோ ஊனோவின் 8 பிட் சிப்பிலும் இல்லை. அதற்கு மைக்ரோசிப் ஸ்டூடியோவின் சிமுலேட்டரில் சைக்கிள் கவுண்டர் இருக்கிறது, கற்றுக்கொள்ள அது போதும்.

நான் சொல்லப்போவது எஸ்டிஎம்32எஃப்103 சிப் உள்ள ப்ளூ பில் போர்டை வைத்து. கார்ட்டெக்ஸ்-எம்3, அதிகபட்சம் 72 மெகாஹெர்ட்ஸ். கூடவே போர்டை லேப்டாப்போடு இணைக்கும் எஸ்டி-லிங்க் கருவி ஒன்று வேண்டும். ஓசூர்க்காரர்கள் பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்கு ஒரு நடை போய்வந்தால் இரண்டும் கிடைத்துவிடும். நான்கு ஒயர்: 3.3 வோல்ட், கிரவுண்டு, டேட்டா, கிளாக். போர்டு ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் நான்கு பின்கள் இதற்காகத்தான்.

இணைத்ததும், எஸ்டி-லிங்க் வழியாகச் சிப்போடு பேசும் ஓபன்ஓசிடி என்ற மென்பொருள் சிப்பின் அடையாள எண்ணைக் கேட்கும். அந்த எண் 1-ல் தொடங்க வேண்டிய இடத்தில் 2-ல் தொடங்குகிறது என்று சொல்லி நின்றுவிட்டால், உங்கள் போர்டில் இருப்பது எஸ்டி கம்பெனி சிப் அல்ல, அதைப் போலச் செய்த வேறொன்று. எதிர்பார்க்கும் எண்ணை அமைப்புக் கோப்பில் மாற்றினால் பெரும்பாலும் வேலை நடக்கும். ஆனால் அதில் கிடைக்கும் சைக்கிள் எண்ணிக்கை அந்தச் சிப்புக்கு மட்டுமே பொருந்தும். அதைக் குறித்து வையுங்கள்.

இன்னொன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்த வேலையை மேசைமேல் செய்யுங்கள், மோட்டார் கொட்டாயில் வேண்டாம். பிரேக்பாயிண்ட்டில், அதாவது புரோகிராம் வந்து நிற்க வேண்டும் என்று நீங்கள் குறித்த வரியில், சிப் நிற்கும்போது ரிலே எந்த நிலையில் இருந்ததோ அதே நிலையில் நிற்கும். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தால், அதை நிறுத்த வேண்டிய புரோகிராம் உறைந்துபோயிருக்கும். த்ரீ பேஸ் கரண்ட் வரும் பெட்டிக்குள் இருக்கும் போர்டில் லேப்டாப் ஒயரைச் சொருகுவது உங்கள் உயிருக்கும் ஆபத்து. மேசையில் மோட்டாருக்குப் பதில் ஒரு எல்இடி போதும்.

கவுண்டரை எழுப்புவது

கரண்ட் கொடுத்ததும் கவுண்டர் தானாக ஓடாது. இரண்டு சுவிட்சுகளைப் போட வேண்டும்.

முதலாவது, டீபக் பகுதிக்கே உயிர் கொடுக்கும் சுவிட்ச். அதன் முகவரி 3758157308. அதில் 24-ஆம் பிட்டை 1 ஆக்க வேண்டும். அதாவது ஏற்கெனவே இருக்கும் மதிப்போடு 16777216-ஐ ஆர் செய்ய வேண்டும் (மற்ற பிட்டுகளைத் தொடாமல் அந்த ஒன்றை மட்டும் 1 ஆக்கும் செயல்). இரண்டாவது சுவிட்ச் 3758100480 என்ற முகவரியில், பூஜ்ஜியமாவது பிட்; 1-ஐ ஆர் செய்தால் போதும். கவுண்டர் இருப்பது அதற்கடுத்த 3758100484-ல். கையேட்டில் இவை ஹெக்ஸில் (16 அடிமானத்தில்) அச்சாகியிருக்கும், மாற்றிப் பார்த்தால் இதே எண்கள் வரும். ஜிடிபி என்ற டீபக்கர் இரண்டு விதத்தையும் வாங்கிக்கொள்ளும். சில எம்7 சிப்புகளில் இவற்றுக்கு முன்பு ஒரு பூட்டையும் திறக்க வேண்டும். எஃப்103-ல் அந்தத் தொல்லை இல்லை.

மெமரி ஜன்னலில் கவுண்டரின் முகவரியைப் போட்டு, 32 பிட்டாக, குறியில்லாத எண்ணாகக் காட்டச் சொல்லுங்கள். பைட் பைட்டாகப் பார்த்தால் எண் தலைகீழாகத் தெரியும். எண்ணின் கடைசிப் பகுதிக்கான பைட் முதலில் வரும். சிப்பை ஓடவிட்டு, நிறுத்தி, ஓடவிட்டு, நிறுத்திப் பாருங்கள். நிறுத்தும் ஒவ்வொரு முறையும் எண் மாறியிருந்தால் கவுண்டர் விழித்துவிட்டது. நின்றிருக்கும்போது மாறாது, ஏனென்றால் டீபக்கர் பிராசசரை நிறுத்தினால் கவுண்டரும் நின்றுவிடும். நீங்கள் டீ குடித்துவிட்டு வந்தாலும் அளவு கெடாமல் இருப்பது அதனால்தான்.

டீபக்கர் சில நேரம் முதல் சுவிட்சை உங்களைக் கேட்காமலே போட்டுவிடும். ரீசெட் பட்டனை அழுத்தினாலும் அது அணையாது. கரண்ட்டை முழுதாக எடுத்துப் போட்டால்தான் அணையும். "லேபில் ஓடியது, வீட்டில் பூஜ்ஜியமே வருகிறது" என்று புலம்பும் பிள்ளைகள் எல்லோருக்கும் இதுதான் காரணம். இரண்டு சுவிட்சுகளையும் உங்கள் புரோகிராமின் தொடக்கத்திலேயே எழுதிவிடுங்கள், டீபக்கரை நம்ப வேண்டாம்.

கிளாக் உண்மையிலேயே எவ்வளவு

கவுண்டர் கொடுப்பது சைக்கிள் எண்ணிக்கை மட்டும். அதை நேரமாக மாற்ற கிளாக் வேகம் தெரிய வேண்டும். 72 மெகாஹெர்ட்ஸ் என்றால் 72-ஆல் வகுத்தால் மைக்ரோ செகண்ட் வந்துவிடும். ஆனால் உங்கள் சிப் 72-ல்தான் ஓடுகிறதா? ப்ளூ பில்லில் 8 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலை ஒன்பது மடங்காக்கித்தான் 72 வருகிறது. கிரிஸ்டல் எழும்பாவிட்டால், சில புரோகிராம்கள் சத்தமே போடாமல் சிப்புக்குள் இருக்கும் 8 மெகாஹெர்ட்ஸிலேயே ஓடிக்கொண்டிருக்கும். அப்போது உங்கள் கணக்கு ஒன்பது மடங்கு தப்பு.

இதைப் பார்க்க ஆஸிலோஸ்கோப் தேவையில்லை. கவுண்டர் 7,20,00,000 கூடும்வரை காத்திருந்து எல்இடியை மாற்றும் ஒரு லூப் எழுதுங்கள். போனில் ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டு 60 மாற்றங்களை எண்ணுங்கள். சரியாக ஒரு நிமிடம் ஆனால் 72 மெகாஹெர்ட்ஸ். ஒவ்வொரு மாற்றத்துக்கும் 9 செகண்ட் ஆனால் 8-ல் ஓடுகிறது. 60 மாற்றங்களுக்கு 67 செகண்டுக்கு மேல் ஆனால், யாரோ கிரிஸ்டல் இல்லாமல் 64-க்கு அமைத்திருக்கிறார்கள். ஐந்து நிமிட வேலை, தயவுசெய்து இதைத் தாண்டிப் போகாதீர்கள்.

அதேபோல், 8 மெகாஹெர்ட்ஸில் அளந்து, அந்தச் சைக்கிள் எண்ணை 72-க்கு வகுத்துக்கொள்ளலாம் என்றும் நினைக்க வேண்டாம். இந்தச் சிப்பில் 24 மெகாஹெர்ட்ஸ் வரை, புரோகிராம் இருக்கும் ஃபிளாஷ் மெமரி பிராசசருக்கு ஈடுகொடுக்கும். 24-லிருந்து 48 வரை ஒரு சைக்கிள் காத்திருப்பு, 48-க்கு மேல் இரண்டு. அதனால் வேகத்தைக் கூட்டும்போது அதே வேலைக்கு நேரம் குறைந்தாலும் சைக்கிள் எண்ணிக்கை கூடலாம். எந்த வேகத்தில் ஓடப்போகிறதோ அந்த வேகத்திலேயே அளக்க வேண்டும்.

பிரேக்பாயிண்ட் இரண்டு வைத்து அளப்பது

புரோகிராமைத் தொடாமல் அளக்க இது எளிய வழி. அளக்க வேண்டிய வேலையின் முதல் வரியில் ஒரு பிரேக்பாயிண்ட், வேலை முடிந்து வரும் அடுத்த வரியில் இன்னொன்று. முதலாவதில் நின்றதும் கவுண்டரில் 0 எழுதுங்கள். ஓடவிடுங்கள். இரண்டாவதில் நின்றதும் படியுங்கள்.

கெய்ல் என்ற மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்களுக்கு ரெஜிஸ்டர் ஜன்னலிலேயே "ஸ்டேட்ஸ்" என்று சைக்கிளும் "செக்" என்று செகண்டும் தெரியும். ஆனால் அந்தச் செகண்ட், நீங்கள் அமைப்பில் கொடுத்த கிரிஸ்டல் எண்ணை வைத்துப் போடும் கணக்கு. அங்கே தப்பான எண் இருந்தால் செகண்டும் தப்பு. சைக்கிளை மட்டும் எடுத்துக்கொண்டு நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு பிரேக்பாயிண்ட்டுக்கும் நடுவே ஒவ்வொரு வரியாக ஸ்டெப் போகவே கூடாது. ஒவ்வொரு முறை நின்று கிளம்பும்போதும் சில சைக்கிள் கூடும். அதோடு, ஸ்டெப் போகும்போது பல டீபக்கர்கள் இன்டரப்டை (ஓடும் வேலையை இடைமறித்து நுழையும் அவசர வேலையை) மறைத்துவிடும். ஒரே ஓட்டமாகத்தான் விட வேண்டும். நின்று கிளம்புவதற்கே எவ்வளவு ஆகிறது என்று தெரிய வேண்டுமானால், நடுவில் வேலையே இல்லாமல் அடுத்தடுத்த இரண்டு வரிகளில் வைத்து ஒருமுறை அளந்து, அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு சிக்கல்: பிராசசர் நின்றாலும், நீங்கள் தனியாகச் சொல்லியிருந்தால் ஒழிய மற்ற டைமர்கள் நிற்பதில்லை. நீங்கள் நின்று எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது டைமர் ஒரு சுற்று முடித்து, இன்டரப்ட் வாசலில் வந்து காத்திருக்கும். ஓடவிட்டதும் அதுதான் முதலில் உள்ளே நுழையும். உங்கள் வேலைக்கு ஆன சைக்கிளில் அதற்கு ஆனதும் சேர்ந்துவிடும். டீபக்கில் டைமரை உறையவைக்கும் பிட் டி.பி.ஜி.எம்.சி.யு. என்ற பகுதியில் இருக்கிறது, அதைப் போட்டுவிடுங்கள். புரோகிராம் உறைந்தால் சிப்பை ரீசெட் செய்யும் வாட்ச்டாக் டைமருக்கும் அங்கேயே பிட் உண்டு. அதைப் போடாவிட்டால் நீங்கள் எண்ணைப் படித்துக்கொண்டிருக்கும்போதே சிப் ரீசெட் ஆகும்.

என் போர்டை நான் இந்த முறையில்தான் அளந்தேன். வீட்டுக்கரண்ட், மோட்டார் கரண்ட் எல்லாம் 50 ஹெர்ட்ஸ். ஓர் அலைக்கு 20 மில்லி செகண்ட். ஓர் அலையில் 64 முறை ஆம்பியரைப் பார்க்கிறேன். ஒரு முறைக்குக் கிடைப்பது 312.5 மைக்ரோ செகண்ட், அதாவது 22,500 சைக்கிள். டைமர் இன்டரப்டில் பிரேக்பாயிண்ட் வைத்துப் பார்த்தபோது நூற்றுச் சொச்சம்தான் வந்தது. 22,500 எங்கே, நூறு எங்கே. திருப்தியாகக் கிளம்பிப் போய் மாட்டினேன்.

கோடுக்குள்ளேயே அளப்பது

ஒருமுறை அளப்பதற்குப் பதில் லட்சம் முறை அளக்க வேண்டுமென்றால் புரோகிராமே அளக்க வேண்டும். அமைப்பு இவ்வளவுதான்:

தொடக்கம் = கவுண்டர்
வேலை
முடிவு = கவுண்டர்
ஆனது = முடிவு − தொடக்கம்

கவுண்டர், தொடக்கம், முடிவு, ஆனது நான்கும் குறியில்லாத 32 பிட் எண்களாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால், நடுவில் கவுண்டர் நிரம்பிப் பூஜ்ஜியத்துக்குத் திரும்பினாலும் கழித்தல் சரியாகவே வரும். 32 பிட் நிரம்ப 72 மெகாஹெர்ட்ஸில் 59.6 செகண்ட் ஆகும். அதைவிட நீளமான வேலையை மட்டும் இதில் அளக்க முடியாது.

"ஆனது" என்பதை வாலடைல் (கம்பைலர் தொடாமல் விட வேண்டும் என்ற குறி) போட்ட குளோபல் மாறியாக வையுங்கள். இல்லையென்றால், யாரும் பயன்படுத்தாத எண் என்று கம்பைலர் அதைத் தூக்கிப்போட்டுவிடும். குளோபலாக வைப்பதில் இன்னொரு வசதி, டீபக்கர் அதன் பெயரைச் சொன்னாலே காட்டும். கவுண்டரின் பெயரைச் சொன்னால் காட்டாது, அது மேக்ரோ, அதாவது கம்பைல் ஆகும்போதே முகவரியாக மாறிவிடும் பெயர். மேக்ரோ விவரத்தையும் சேர்த்துக் கம்பைல் செய்தால் ஒழிய ஜிடிபிக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

கம்பைலர் செய்யும் இன்னொரு வேலையையும் கவனியுங்கள். கவுண்டரைப் படிக்கும் இரண்டு வரிகளையும் அது வரிசை மாற்றாது. ஆனால் நடுவில் இருக்கும் உங்கள் கணக்கை, வேறு எங்கும் வாலடைல் இல்லையென்றால், மேலேயோ கீழேயோ நகர்த்த அதற்கு உரிமை உண்டு. அப்படி நகர்ந்தால் இரண்டு, மூன்று சைக்கிள் என்று நம்ப முடியாத சின்ன எண் வரும். அளக்க வேண்டிய வேலையைத் தனி ஃபங்ஷனாக்கி, அதை உள்ளே விரிக்கக் கூடாது என்று கம்பைலருக்குச் சொல்லுங்கள். உள்ளே போகும் எண்ணையும் வெளியே வரும் விடையையும் வாலடைல் மாறி வழியாகவே அனுப்புங்கள். டிஸ்அசெம்பிளி ஜன்னலைத் திறந்து, இரண்டு படிப்புகளுக்கும் நடுவில்தான் உங்கள் ஃபங்ஷன் கூப்பிடப்படுகிறதா என்று ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் சந்தேகமே இல்லை. ஆப்டிமைசேஷன் (கம்பைலர் கோடை வேகமாக்கிக் கொடுப்பது) இல்லாத டீபக் பில்டில் அளந்து, ரிலீஸ் பில்டை மாட்டுவதும் வேண்டாம். எதை மாட்டுகிறீர்களோ அதை அளங்கள்.

அளக்கும் இடத்துக்குள் பிரிண்ட் போடவே கூடாது. சீரியல் போர்ட்டில் ஓர் எழுத்துக்கு 10 பிட். 9600 பாட் (செகண்டுக்கு 9600 பிட்) வேகத்தில் ஓர் எழுத்து போகும்வரை காத்திருந்தால் 75,000 சைக்கிள். 115200-ல் கூட 6,250. இந்த இரண்டு எண்களும் எனக்கு மனப்பாடம் ஆனதற்குக் காரணம் சித்தப்பாவின் மோட்டார்தான்.

பெரிய எண்ணைத்தான் தேட வேண்டும்

என் இன்டரப்டில் 63 முறை நடப்பது சின்ன வேலை: அளவை எடு, தன்னோடு தானே பெருக்கு, கூட்டு. 64-ஆவது முறைதான் பெரிய வேலை: சராசரி எடுத்து, வர்க்கமூலம் கண்டு, ஆம்பியராக்கி, எட்டு எழுத்தாகச் சீரியலில் அனுப்பு. நான் பிரேக்பாயிண்ட் வைத்து நிறுத்தியபோது மாட்டியது அந்த 63-ல் ஒன்று. 64-ல் 63 பங்கு வாய்ப்பு அதற்குத்தானே.

64-ஆவது முறையை அளந்தபோது வந்தது ஐந்து இலக்க எண். எட்டு எழுத்தை 115200-ல் அனுப்பக் காத்திருப்பதற்கே 50,000 சைக்கிள். 22,500-க்கு ஒருமுறை வர வேண்டிய இன்டரப்ட், ஒன்று காத்திருக்க, இன்னொன்று காணாமலே போனது. ஒவ்வொரு அலையிலும் சில அளவுகள் இடம் மாறி, ஆம்பியர் ஆடிக்கொண்டே இருந்திருக்கிறது. ஒரு நேரத்தில் அந்த ஆட்டம் எல்லையைத் தொட்டு, மோட்டார் நின்றுவிட்டது.

அதனால் ஓர் எண்ணை மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள், மூன்று வையுங்கள். கடைசியாக ஆனது, இதுவரை ஆனதில் சிறியது, இதுவரை ஆனதில் பெரியது. சிறியதன் தொடக்க மதிப்பு இருப்பதிலேயே பெரிய 32 பிட் எண், பெரியதன் தொடக்கம் 0. ஒவ்வொரு முறையும் ஒப்பிட்டு மாற்றிக்கொண்டே போகட்டும். மேசையில் சில மணி நேரம் ஓடவிடுங்கள். பட்டனை அழுத்துங்கள், சென்சாரைப் பிடுங்கிச் சொருகுங்கள், வழக்கத்தில் நடக்காததையெல்லாம் செய்யுங்கள். அப்புறம் நிறுத்திப் பாருங்கள்.

இன்டரப்ட்களை மூடிவிட்டு அளப்பதா, திறந்தே வைப்பதா என்று கேட்பார்கள். உங்கள் ஃபங்ஷனைத் திருத்தி வேகமாக்கும்போது மூடி அளங்கள். திருத்தத்தின் பலன் சுத்தமாகத் தெரியும். போர்டு தாங்குமா என்று பார்க்கும்போது திறந்தே வையுங்கள், வயலில் எல்லா இன்டரப்டும்தான் இருக்கப்போகிறது.

எண்ணைக் குறைத்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். சீரியல் அனுப்புவதை இன்டரப்டிலிருந்து எடுத்து மெயின் லூப்புக்குக் கொண்டுபோனேன். வர்க்கமூலத்தையும் கூடவே அனுப்பினேன். எம்3-ல் தசமக் கணக்குக்கென்று தனி வன்பொருள் கிடையாது, எல்லாமே சாஃப்ட்வேரில்தான். 0.5 என்று சும்மா எழுதினாலே சி மொழியில் அது டபுள், அதாவது 64 பிட் தசம எண். பக்கத்தில் இருக்கும் 32 பிட் ஃப்ளோட்டையும் டபுளாக்கி இழுத்துக்கொண்டு போகும். எண்ணுக்குப் பின்னால் எஃப் போட்டு, ஃப்ளோட்டுக்கென்று இருக்கும் வர்க்கமூல ஃபங்ஷனைக் கூப்பிட்டால் சைக்கிள் கணிசமாக இறங்கும். இரண்டையும் அளந்து பாருங்கள், பார்த்த பிறகு அந்த எஃப்-ஐ மறக்கவே மாட்டீர்கள்.

இப்போது பெரிய எண்ணைக் காட்டும் ஒரு வழியை போர்டிலேயே வைத்திருக்கிறேன். பெட்டியின் மேல் இருக்கும் பட்டனை ஐந்து செகண்ட் அழுத்தினால், ஆம்பியர் தெரியும் இடத்தில் அந்த எண் வரும். லேப்டாப்பும் வேண்டாம், மூடியைத் திறக்கவும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் சித்தப்பா கொட்டாய்க்குப் போய் அழுத்திவிட்டு, போனில் இலக்கம் இலக்கமாகப் படிப்பார். கரண்ட் போனால் அந்த எண் அழிந்து முதலிலிருந்து தொடங்கிவிடும். அதனால் அவர் படித்து முடித்ததும் நான் கேட்பது ஒன்றுதான்: "கரண்ட் கடைசியா எப்ப வந்துச்சு, சித்தப்பா?"